பிஜிலியின் இடது பின்னங்கால்

குதிரையை இடுப்பளவு தண்ணீரில் நடக்கவிட்டு, "பாருங்கோ டாக்டரம்மா, நொண்டவே இல்ல" என்று சத்தியம் செய்த ஊரில் நான் வேலை பார்த்திருக்கிறேன். ஒருவர் இருவர் இல்லை, ஊரே கரையில் நின்று சத்தியம் செய்தது.

அரசுக் கால்நடை மருத்துவர் வேலையிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டேன். இப்போதும் ஜூனியர்கள் போன் செய்து, "மேடம், மூட்டில் இன்ஃபெக்‌ஷன் வந்து ஆறின குதிரையைப் பந்தயத்தில் விடலாமா?" என்று கேட்கிறார்கள். எக்ஸ்ரே எடு, காலை மடக்கிப் பார், ஓடவிட்டுப் பார் என்று புத்தகத்தில் இருக்கிற பதில் அவர்களுக்கும் தெரியும். ஆனால் குதிரையோடு ஒரு சொந்தக்காரரும், சொந்தக்காரரோடு ஒரு ஊரும் சேர்ந்து வரும் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். படிக்கும்போது என் குரல் உயர்ந்து கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குதிரையை நினைத்தாலே எனக்கு பி.பி. ஏறும்.

மீன் லாரியில் போன கல்யாணக் குதிரை

என் மருந்தகம் பழவேற்காடு ஏரிப் பக்கம். வேலை முக்கால்வாசி ஆடு, மாடு, கோழி. குதிரை அபூர்வம். டவுனில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற பாய் ஒருவர் இருந்தார். அவரிடமிருந்து ஏரிக்கரைக் குப்பத்து மீனவர் ஏழுமலை ஒரு பெண் குதிரையை வாங்கினார். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு. பிஜிலி, அதாவது மின்னல், என்பது பாய் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்க்க வருகிறவர்களின் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றலாம், முகூர்த்த நாளில் மாப்பிள்ளையை ஏற்றலாம் என்பது ஏழுமலையின் திட்டம். திட்டம் சரிதான். குதிரையைக் கட்டிய இடம்தான் சரியில்லை. வலை காயப்போடுகிற இடத்தில், உடைந்த சிப்பி ஓடு சிதறிக் கிடக்கிற மண்ணில் கட்டிவைத்தார்.

என்னைக் கூப்பிட்டபோது இடது பின்னங்கால் கணுக்கால் மூட்டு தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. குதிரை அந்தக் காலைத் தரையில் ஊன்றவே இல்லை. குளம்புக்கு மேலே சின்னதாக ஒரு வெட்டு. அதிலிருந்து மஞ்சளாக, நூல் மாதிரி ஒரு திரவம் வடிந்துகொண்டிருந்தது. அது சீழ் மட்டும் இல்லை, மூட்டுக்குள் இருக்கிற நீர். சிப்பி ஓடு மூட்டுக்குள்ளேயே இறங்கியிருக்கிறது.

"எப்போ வெட்டுச்சு?"

"போன வாரம் டாக்டரம்மா."

"ஒரு வாரமா என்ன பண்ணின?"

ஏழுமலை பெருமையாகச் சொன்னார். "சும்மா உடல டாக்டரம்மா. தெனம் ரெண்டு வேள ஏரித் தண்ணியில நிக்க வெச்சேன். உப்புத் தண்ணி பட்டா ஆறிடும். எங்க கால்ல எவ்ளோ வெட்டு, எல்லாம் அப்டித்தான ஆறுது."

எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன். மீனவர் காலில் தோல் கிழியும், உப்புத் தண்ணீரில் எரிந்து ஆறும். அதற்கும் திறந்துபோன மூட்டுக்கும் சம்பந்தம் உண்டா? ஏரிச் சேற்றில் உள்ள கிருமியெல்லாம் அந்த ஓட்டை வழியாக உள்ளே போய்க் குடித்தனம் நடத்துகிறது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் மூட்டு ஒட்டிக்கொண்டுவிடும், பிறகு குதிரை எழுந்து நிற்காது. இதையெல்லாம் நான் கத்திச் சொல்லி முடித்தபோது பின்னாலிருந்து ஒரு பெண், "இப்போ இன்னா செய்யணும், அத்த சொல்லுங்கோ" என்றாள்.

அவள்தான் கனகா, ஏழுமலையின் மகள். நண்டு வாங்குகிற கம்பெனியில் எடை போடுகிற வேலை. நான் கத்தினதில் அவளுக்கு வருத்தமும் இல்லை, பயமும் இல்லை. அடுத்த வேலை என்ன என்று மட்டும் கேட்டாள்.

சென்னையில் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூட்டைக் கழுவ வேண்டும் என்றேன். வண்டி? இறால் ஏற்றுகிற லாரி ஒன்றுதான் கிடைத்தது. மாப்பிள்ளையைச் சுமக்கிற குதிரை, மீன் வாசனையோடு சென்னைக்குப் போனது. ஆஸ்பத்திரி வாசலில் என்னோடு படித்த சர்ஜன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்ன கொண்டு வந்திருக்கே, திமிங்கிலமா?" என்று கேட்டார். சிரிக்க எனக்குத் தெம்பு இல்லை.

மயக்கம் கொடுத்து, சலைன் விட்டு மூட்டைக் கழுவினார்கள். ஆன்டிபயாடிக் மூட்டுக்குள்ளேயே போட்டார்கள். பிஜிலி பிழைத்தாள். வெட்டு முழுசாக மூடித் தோல் வந்த பிறகு, வீக்கம் வடிய, "தெனம் ஏரித் தண்ணியில நிக்க வை" என்று நான் கனகாவிடம் சொன்னேன். ஏழுமலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு நிக்க வெச்சதுக்கு அந்தத் திட்டு திட்டுனீங்கோ. இன்னிக்கு நீங்களே நிக்க வைன்றீங்கோ. இது இன்னா நாயம் டாக்டரம்மா?"

புண் திறந்திருக்கும்போது கூடாது, மூடினபின் குளிர்ந்த தண்ணீர் நல்லது என்று மூன்று விதமாக விளக்கினேன். அவர் மூன்று முறையும் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம், "நான் செஞ்சது சரின்னு இப்போ ஒத்துக்கினாங்கோ" என்றார். எங்கே போய் முட்டிக்கொள்வது?

தண்ணீரில் நொண்டாத குதிரை

அடுத்த வருஷம் பிஜிலி நன்றாக நடந்தாள். பிள்ளைகளை ஏற்றினாள், மாப்பிள்ளையை ஏற்றினாள். காலை மடக்கினால் மட்டும் வலது காலை விட இடது கால் கொஞ்சம் கம்மியாக மடங்கும். எக்ஸ்ரேயில் மூட்டின் ஓரத்தில் லேசாக எலும்பு வளர்ந்திருந்தது. அந்த மூட்டு ஆறியிருக்கிறதே தவிர, புதுசாக ஆகவில்லை. இந்த வித்தியாசத்தைப் புரியவைக்கத்தான் என் வேலைக்காலத்தில் பாதி போயிற்று.

அப்போதுதான் பாடு விழுந்தது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏரியில் இறால் வலை கட்டுகிற நல்ல இடங்களைக் குப்பத்துக் குடும்பங்கள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும். சீட்டுப் போட்டு வரிசை எடுப்பார்கள். இன்றைக்கு இந்த இடம் உன் பாடு என்றால் வேறு யாரும் அங்கே வலை இறக்கமாட்டார்கள். உன் முறையை நீ விட்டுவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டியதுதான். சண்டை வராமல் இருக்க அருமையான ஏற்பாடு. அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் இவர்கள் அதே ஏற்பாட்டைத் திருவிழாக் குதிரைப் பந்தயத்துக்கும் வைத்திருந்தார்கள். ஐந்து குப்பங்கள், குப்பத்துக்கு ஒரு குதிரை. எந்தக் குடும்பம் குதிரை விடுவது என்பது பாடு முறைப்படி. குதிரை இல்லாத குடும்பம் டவுன் பாயிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டும். அந்த வருஷம் பாடு ஏழுமலைக்கு.

விட்டால் அடுத்து எப்போது வரும் என்று கேட்டேன். "எங்கூட்டுக்கு இதுக்கு முன்னாடி எங்க நைனா காலத்துல வந்துச்சி" என்றார். அதாவது, திரும்ப வருவதற்குள் பிஜிலிக்குப் பல் கொட்டிவிடும்.

ஓட்டப்போவது கனகா. அதுவும் எனக்குக் குறையில்லை. அவள் எடை குறைவு, குதிரைக்கு அவள் கை தெரியும். அவளுக்கு அந்தப் பந்தயம் எவ்வளவு வேண்டும் என்பது முகத்தில் தெரிந்தது. மாசக்கணக்காக இடுப்பளவு தண்ணீரில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். "செத்துடும்னு சொன்ன குதிர ஓடுச்சுன்னு ஊர் பாக்கணும் டாக்டரம்மா, அவ்ளோதான்" என்றாள்.

காலைப் பார்க்கப் போனேன். கரையில் கூட்டம். சர்க்கஸ் வந்த மாதிரி. ஏழுமலை குதிரையை ஏரிக்குள் இறக்கி, தண்ணீரில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடத்திக் காட்டினார்.

"பாருங்கோ டாக்டரம்மா, நொண்டவே இல்ல!"

"தண்ணியில எந்தக் குதிரையும் நொண்டாதுப்பா. அதோட வெயிட்டைத் தண்ணி தாங்குது. கால்மேல பாரமே இல்ல. தரைக்குக் கொண்டா."

"இங்க பாருங்கோ, ஷோக்கா நடக்குது!"

"தரைக்குக் கொண்டா!"

கூட்டத்தில் ஒருவர், "டாக்டரம்மாவுக்குத் தண்ணியில பாக்கத் தெரியாது போல" என்றார். மீனவர்களுக்கு எதையும் தண்ணீரில் வைத்துச் சோதித்துத்தான் பழக்கம். படகை அப்படித்தான் பார்ப்பார்கள், வலையை அப்படித்தான் பார்ப்பார்கள். குதிரை என்ன படகா? நான் தலையில் அடித்துக்கொண்டேன். கடைசியில் கனகா, "நைனா, இப்டி குடுங்கோ" என்று கயிற்றை வாங்கி, குதிரையை ரோட்டுக்குக் கொண்டுவந்தாள்.

கணுக்காலை மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓடவிட்டேன். முதல் சில அடிகளுக்கு இடுப்பின் இடது பக்கம் தூக்கிக்கொண்டது. பிறகு சரியானது. கனகாவைப் பக்கத்தில் நிறுத்தி, பின்னாலிருந்து இடுப்பைப் பார்க்கச் சொன்னேன். இன்னொரு முறை மடக்கி ஓடவிட்டேன்.

"தெரியுதா?"

"தெரியுது. இடுப்பு ஏறுது. அடி சின்னதா வெக்கிறா."

"அதுதான். மேல உக்காந்திருக்கும்போது உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் யோசித்தாள். "ஒரு பக்கம் தூக்கித் தூக்கிப் போடும். படகுல ஒருத்தன் மட்டும் கோல் குத்துற மாதிரி."

அவ்வளவுதான். கல்லூரியில் பையன்களுக்கு ஒரு செமஸ்டர் ஆகும் விஷயம். தினமும் ஓட்டின பிறகு இரண்டு கணுக்காலையும் கையால் தொட்டு, இடது பக்கம் சூடு அதிகமா என்று பார்க்கச் சொன்னேன். ஏழுமலையிடமும் அதையே சொன்னேன். அவர், "சூடு கீழ மணல்லயும்தான கீது" என்றார்.

"ஓடலாம், ஆனா..."

ஓடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன், ஏனென்றால் பிற்பாடு ஊரில் பாதிப் பேர் நான் தடுத்தேன் என்றார்கள், மீதிப் பேர் நான் ஓடச் சொன்னேன் என்றார்கள். பழைய மூட்டுக் காயமுள்ள குதிரை ஓடலாம். எந்தத் தரையில், எவ்வளவு வேகத்தில், எப்படித் திரும்புகிறது என்பதுதான் கேள்வி. பந்தயம் கடற்கரையில். அலை வடிந்த ஈர மணல் கெட்டியாக, சமமாக இருக்கும், காலுக்கு நல்லது. பிரச்சினை கழி.

குதிரைகள் கோயில் முன்னாலிருந்து கிளம்பி முகத்துவாரத்துப் பக்கம் போகும். அங்கே மணலில் ஒரு படகுக் கழி நட்டிருப்பார்கள். அதைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். நாலுகால் பாய்ச்சலில் வந்து ஒரு ஒற்றைக் கழியை ஒட்டித் திரும்பினால் முழுப் பாரமும் உள்பக்கத்துப் பின்னங்காலில் முறுக்கிக்கொண்டு இறங்கும். இடது பக்கமாகத் திரும்புவார்கள். பிஜிலிக்குக் கெட்ட கால் இடது. வேறென்ன சொல்ல?

ஊர்த் தலைவர் கோவிந்தசாமியைப் பார்த்து, "ஒரு கழிக்குப் பதிலா தள்ளித் தள்ளி மூணு கழி நடுங்க. வளைவு அகலமாகும். எல்லாக் குதிரைக்கும் நல்லது" என்றேன்.

"அது முடியாதும்மா. எங்க தாத்தன் காலத்துலேர்ந்து ஒரே கழிதான்."

"இன்னும் ரெண்டு கழி நட்டா சாமி கோவிச்சுக்குமா?"

"சாமி கோவிச்சுக்காது. மத்த குப்பத்தானுங்க கோவிச்சுப்பானுங்க. அப்புறம் யாரு பேஜாரு படறது?"

இதற்கு நடுவில் மேலிடத்திலிருந்து போன். யாரோ யாரிடமோ சொல்லி, என் இணை இயக்குநர் வரை போய்விட்டது. "என்னம்மா, மாவட்டத்துல மாட்டுக்குத் தடுப்பூசி டார்கெட் அப்படியே நிக்குது. நீங்க ஒரு குதிரையோட கணுக்காலைப் பிடிச்சிக்கிட்டு நிக்கறீங்களாமே?" என்றார். "சார், கணுக்காலை விட்டா குதிரை விழுந்துடும்" என்றேன். "ஓடலாமா கூடாதா, ஒரே வார்த்தையில சொல்லி அனுப்பும்மா. ஊரே போன் பண்ணுது" என்றார். ஒரே வார்த்தை! எல்லோருக்கும் ஒரே வார்த்தைதான் வேண்டும். மூட்டுக்கு ஒரே வார்த்தை கிடையாது என்று யாரிடம் சொல்வது?

சரி, ஊருக்கே சொல்லிவிடுவோம் என்று கோயில் முன்னால் போய் நின்றேன். மைக் வேறு கொடுத்தார்கள். "பிஜிலி ஓடலாம், ஆனா..." என்றேன்.

படபடவென்று சரவெடி வெடித்தது. யாரோ தயாராகப் பற்றவைத்துவிட்டார்கள். பறை அடித்தார்கள். ஏழுமலையைத் தோளில் தூக்கினார்கள். நான் மைக்கில், "ஆனா கழிக்கிட்ட வேகத்தைக் குறைக்கணும், அகலமாத் திரும்பணும், ஓட்டத்துக்கு முன்னாடி நடக்கவிட்டுக் காலைப் பதமாக்கணும், அடி குறைஞ்சா அந்த இடத்துலயே நிறுத்திடணும்" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு மனுஷன் கேட்கவில்லை. புகை அடங்கினபோது பார்க்கிறேன், மைக்குக்கு நேர் கீழே கனகா மட்டும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கடைசியா சொன்னது கேக்கல டாக்டரம்மா. அடி கொறஞ்சா?"

"அந்த இடத்துலயே நிறுத்தணும். அடுத்த அடி வெக்கக்கூடாது."

"கழிக்குப் பக்கத்துல இருந்தாலும்?"

"கழியைத் தொடற தூரத்துல இருந்தாலும்."

கேட்டுக்கொண்டு அவள் போய்விட்டாள்.

பந்தயத்தன்று

பந்தயத்தன்று காலையிலேயே ஏழுமலை என்னை ஓரங்கட்டினார். குரலைத் தாழ்த்தி, "டாக்டரம்மா, வலிக்கு ஒரு ஊசி கீதாமே. அத்த போட்டு உட்டா கொஞ்ச நேரம் வலி தெரியாதாமே" என்றார்.

"யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்கோ."

"வலி எதுக்கு இருக்கு தெரியுமா ஏழுமலை? போதும், நில்லுனு சொல்றதுக்கு. அந்த வாயை நான் மூடிட்டேன்னா, மூட்டு உடையற வரைக்கும் அவ ஓடுவா. உடைஞ்ச பிறகு நான் போடற ஊசி வேற. அது ஒரே ஒரு தடவைதான் போடுவேன்."

அவர் முகம் வெளிறிவிட்டது. பிறகு என்னிடம் ஊசிப் பேச்சு எடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் ஒரே தடவையில் புரிந்துகொண்டார் என்பதைப் பதிவு செய்கிறேன்.

கோயில் பக்கம் நிற்க எனக்கு மனசில்லை. கழிப் பக்கம் போய் நின்றேன். வெயில், உப்புக்காற்று, ஐஸ்காரர், பொரி விற்கிறவர் எல்லாம் இருந்தார்கள். கொடி அசைந்தது. ஐந்து குதிரைகளும் ஈர மணலில் கிளம்பின.

பிஜிலி இரண்டாவதாக வந்தாள். எனக்கே நம்பமுடியவில்லை. காதைப் பின்னால் மடக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டி, ஜோராக வந்தாள். பாதி தூரத்தில் முதல் குதிரையைப் பிடித்துவிட்டாள். கழிப் பக்கத்துக் கூட்டம் குதித்தது. நானும் குதித்தேன், பொய் சொல்வானேன். குதித்துக்கொண்டே இடுப்பைப் பார்த்தேன். அப்போதுதான் இடது பக்கம் மேலே ஏறியது. ஒரு முறை. அடுத்த அடியில் இன்னொரு முறை.

நான் வாயைத் திறப்பதற்குள் கனகா பின்னால் சாய்ந்தாள். கடிவாளத்தை வெடுக்கென்று இழுக்கவில்லை, மெதுவாகப் பிடித்து, வேகத்தை வடியவிட்டு, நடைக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். கழி அவளுக்கு முன்னால் நாலு எட்டில் இருந்தது. மற்ற நாலு குதிரைகளும் அவளைத் தாண்டி, கழியைச் சுற்றித் திரும்பிப் போய்விட்டன. இவள் இறங்கிக் கீழே நின்றாள்.

ஏழுமலை கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடிவந்தார். வேட்டி அவிழ்ந்தது கூடத் தெரியவில்லை.

"ஏறுடி! ஏறு! கழியக் கூட சுத்தலயே! ஏறு!"

"ஏற மாட்டேன் நைனா. அடி கொறஞ்சிபோச்சி."

"நல்லாத்தான கீது! நடக்குது பார்!"

"நடக்கும். திரும்பினா உடைஞ்சிடும்."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் கயிற்றைக் கொடுக்கவில்லை. ஊரே கத்தியது. "பொம்பளப் புள்ளய ஏத்தினா இப்டித்தான்" என்று ஒருவர். "பயந்துட்டாடா" என்று இன்னொருவர். "டாக்டரம்மா மனசக் கலைச்சிட்டாங்கோ" என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் குனிந்து மூட்டைத் தொட்டேன். சூடு. லேசாகத் தண்ணீர் கோத்திருந்தது. மடக்கினால் காலை இழுத்துக்கொண்டாள். உள்ளே எதுவும் கிழியவில்லை. அந்த வேகத்தில் ஒரு திருப்பம் திரும்பியிருந்தால் கிழிந்திருக்கும். நான் நிமிர்ந்து கனகாவைப் பார்த்து, "பத்து நாள் ரெஸ்ட், தண்ணியில நிக்க வை. சரியாயிடும்" என்றேன். அவள் அப்போதுதான் அழுதாள்.

கழியாத பாடு

அன்று சாயந்திரமே மீன் ஏலம் விடுகிற கூடத்தில் ஊர் கூடியது. நான் பிஜிலிக்குக் கட்டுப் போட்டுவிட்டு, குதிரையோடு அந்தக் கூடத்து ஓரத்தில்தான் நின்றேன். தலைவர் தீர்ப்புச் சொன்னார். பந்தயத்தைப் பாதியில் விட்டதால் ஏழுமலை குடும்பத்தின் பாடு முடிந்தது, இனி வரிசையில் கடைசி. ஏழுமலை தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். பந்தயத்துக்குப் பிறகு மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பெண்கள் நின்றிருந்த பக்கத்திலிருந்து கனகா கேட்டாள். "தலைவரே, ஒண்ணு கேக்கட்டா? ஏரியில என் பாடு வந்த அன்னிக்கு நான் போயி வலை எறக்குறேன். வலைய வளைச்சி மூடறதுக்குள்ள காத்து மாறிடுச்சி, வலையச் சுருட்டினு வந்துட்டேன். என் பாடு முடிஞ்சிதா?"

"முடியாது. மூடாத வலைக்குப் பாடு கழியாது. அது தெரிஞ்சதுதான."

"நான் கழியச் சுத்தல."

தலைவர், "இது குதிர. அது வலை. ரெண்டும் ஒண்ணா?" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஏழுமலை எழுந்தார். காலையில் மகளை ஏறச் சொல்லிக் கத்தின அதே மனுஷன்.

"ஒண்ணு இல்லன்னா குதிரைக்கு எதுக்குப் பாடுன்னு பேரு வெச்சீங்கோ? வரிசைக்கு மட்டும் ஏரி மொற, நிறுத்தினதுக்கு மட்டும் வேற மொறயா? எம் பொண்ணு காத்தப் பாத்து வலையச் சுருட்டினா. ஏரில நாமெல்லாம் அத்ததான செய்யறோம்? செய்யாதவன் எவனாச்சும் உயிரோட கீறானா?"

அவர்கள் வாழ்க்கையே அந்த முறையில்தான் ஓடுகிறது. தலைவர் தாடையைத் தேய்த்தார். "சரி. பாடு கழியல. அடுத்த வருஷமும் ஏழுமலைதான்" என்றார். சந்தோஷத்தில் நான், "அப்படியே அந்த மூணு கழி..." என்று ஆரம்பித்தேன். "டாக்டரம்மா, ஒரே கழிதான்" என்று ஐந்தாறு பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

இதைப் படிக்கிற ஜூனியர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். பழைய மூட்டுக் காயமுள்ள குதிரையைப் பார்க்கப் போனால், கயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவரிடம் பேசுங்கள், வேறு வழியில்லை. ஆனால் அந்தக் காலைத் தினமும் கழுவுகிற கை யாருடையது என்று விசாரித்து, அந்தக் கைக்குச் சூடு பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். பந்தய நாளில் நீங்கள் கழிப் பக்கத்தில் நின்று எதுவும் செய்யமுடியாது. மேலே உட்கார்ந்திருக்கிறவர்தான் நிறுத்தமுடியும். நான் ஊருக்கே மைக்கில் கத்தினேன். ஒருத்தி காதில் விழுந்தது. அது போதுமாக இருந்தது.

அடுத்த வருஷத் திருவிழாவுக்குள் நான் ரிட்டயர் ஆகியிருந்தேன். எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அனுப்பம்பட்டில் ரயிலிலிருந்து இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். மறுபடியும் ஒரே கழி. அதைப் பார்த்ததும் வழக்கம்போல பி.பி. ஏறியது. ஆனால் அந்த வருஷம் முழுக்க கனகா ஏரிக்கரையில் ஒரு துடுப்பை நட்டுவைத்து, சாயந்திரம் சாயந்திரம் பிஜிலியை அதைத் தள்ளி அகலமாகச் சுற்றப் பழக்கியிருந்தாள். கழி ஒன்றாகவே இருக்கட்டும், நம் வட்டம் பெரிதாக இருக்கட்டும் என்று யாரையும் கேட்காமல் முடிவு செய்துவிட்டாள். இந்த யோசனை எனக்கு வரவில்லை. நான் கழியோடுதான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

ஓடினார்கள். கழிக்கிட்ட மற்ற குதிரைகள் ஒட்டித் திரும்ப, பிஜிலி பெரிய வட்டமாகப் போய்த் திரும்பினாள். அதிலேயே தூரம் போய்விட்டது. திரும்பி வரும்போது ஒரு குதிரையைத் தாண்டினாள், இன்னொன்றைத் தாண்டினாள். மூன்றாவதாக வந்து முடித்தாள். மூன்றாவதுக்கு அந்த ஊரில் பரிசும் இல்லை, வெடியும் இல்லை. ஜனங்கள் ஜெயித்த குதிரையைப் பார்க்க அந்தப் பக்கம் ஓடிவிட்டார்கள்.

கனகா இறங்கினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து இடது கணுக்காலில் ஒரு கை, வலது கணுக்காலில் ஒரு கை வைத்து அப்படியே இருந்தாள். பக்கத்தில் ஏழுமலை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவள் என் கையைப் பிடித்து இழுத்து அந்த மூட்டின்மேல் வைத்தாள்.

"சூடு இல்ல டாக்டரம்மா. பாருங்கோ."

பார்த்தேன். இரண்டு காலும் ஒரே மாதிரி இருந்தது. திட்டுவதற்கு யாராவது அகப்படுவார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். அன்று எனக்கு ஆள் கிடைக்கவில்லை.